மொய் நோட்டில் ராத்திரிகள்

எங்கள் சொக்காரர்களுக்கும் சம்பந்திமார்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

சின்ன அத்தைக்கு அடுத்த மாதம் மதுரையில் ஆபரேஷன். இடது மார்பில் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று வந்திருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு ‘என்னமோ கட்டியாம்’ என்ற அளவில் தெரியும். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எம் பேரை மட்டும் போடாத. நோயோட பேரைப் போட்டே எழுது. எல்லாரும் என்னையப் பாத்ததும் பேச்சை நிறுத்துறீங்க பாரு, அதுதான் தாங்கல” என்று சொன்னார்கள்.

இந்த மடல் எதற்கென்றால், அப்பாவுக்கு நடந்தது அத்தைக்கும் நடந்துவிடக் கூடாது. நோயைச் சொல்லவில்லை. நம்மைச் சொல்கிறேன். வயதில் பெரியவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். கோபம் வந்தால் முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து திட்டுங்கள், காப்பி போட்டுத் தருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு மதுரையில் வாய் கேன்சருக்கு ஆபரேஷன் நடந்த அன்று, சங்கரன்கோவிலிலிருந்து வேன் பிடித்தும் பஸ்ஸிலும் மொத்தம் முப்பத்தோரு பேர் வந்தீர்கள். அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். ஆடித்தபசுக்குப் போகிற மாதிரி எலுமிச்சைச் சாதம், புளிசாதம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருவது லேசில்லை, அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தைப் பார்த்து தியேட்டர் வாசல் செக்யூரிட்டியே “உள்ள இருக்கிறது யாரும்மா, பெரிய ஆளா?” என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

காலையில் எட்டு மணிக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். கன்னத்தின் உட்பக்கம் புண், அது தாடை எலும்பு வரை போயிருந்தது. இடது பக்கத் தாடை எலும்பில் ஒரு பாகம், கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பி மேலே கொண்டுவந்து கன்னத்தை மூட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணி ஆனது. அப்பாவை வெளியே கொண்டுவந்தபோது முப்பத்தோரு பேரில் ஒன்பது பேர் இருந்தீர்கள். ராத்திரிக்கு நாங்கள் மூன்று பேர்.

நடுவில் ஒன்று நடந்தது. மத்தியானம் ஒரு மணி சுமாருக்குக் கதவைத் திறந்து “கூட வந்தவங்க யாரு?” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் அம்மாவும் ரத்த வங்கியில் இருந்தோம். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். தம்பி மட்டும் வாசலில் நின்றான். எடுத்த பாகத்தை ஒரு தட்டில் வைத்து அவனிடம் காட்டினார்கள். காட்டுவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. அப்புறம் அதை மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டி, அடுத்த கட்டடத்து லேபில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். இருபத்து நாலு வயதுப் பையன் அப்பாவின் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நடந்து போயிருக்கிறான். இதை ஒரு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். “ரொம்ப கனமா இருக்கும்னு நெனச்சேன்க்கா. கனமே இல்ல.” அன்றைக்கு அவன்கூட நடந்துபோக ஒரு ஆள் இருந்திருக்கலாம். முப்பத்தோரு பேர் வந்த நாளில் அது பெரிய கேள்வி இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது 19 ராத்திரி. ஆண்கள் வார்டில் ராத்திரி ஆண் துணைதான் இருக்கலாம், பாஸும் ஒன்றுதான். அதில் 17 ராத்திரி தம்பி. 2 ராத்திரி என் வீட்டுக்காரர். வேறு யாரும் இல்லை. தம்பிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் அந்த வேலை போனது. அதை இப்போது சொல்லிக் காட்டவில்லை. அவன் வேறு வேலை பார்க்கிறான்.

அந்த ராத்திரிகளில் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கும் தம்பி சொல்லித்தான் தெரியும். அப்பாவுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டு டியூப் வைத்திருந்தார்கள், அது வழியாகத்தான் மூச்சு. மூக்கு வழியாக வயிற்றுக்கு இன்னொரு டியூப், அது வழியாகத்தான் சாப்பாடு. கழுத்து டியூபில் சளி கட்டிக் கரகரவென்று சத்தம் வந்தால் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட வேண்டும், அவர்கள் உறிஞ்சி எடுப்பார்கள். தலைமாட்டைத் தூக்கி வைத்து, வடிகட்டிய கஞ்சியையோ பாலையோ 200 மில்லி மெதுவாக ஊற்ற வேண்டும், அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். ஊற்றியதும் படுக்க வைக்கக் கூடாது, மேலேறி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். இதெல்லாம் முடிந்து கண்ணயரும்போது அப்பா கட்டிலைத் தட்டுவார். பேச்சு வராது. சிலேட்டில் எழுதுவார். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவர் முதன்முதலில் எழுதியது என்ன தெரியுமா? ‘டீக்கடை பாக்கி 340.’ தம்பி சிரித்துவிட்டு அழுதிருக்கிறான்.

அவனுக்கு இருந்த பெரிய கஷ்டம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பாத்ரூம். அவன் அந்தப் பக்கம் போகிற ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டால்? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டால்? தூக்கத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், இதைச் சமாளிக்க முடியவில்லை என்றான். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்த ராமநாதபுரத்துப் பெரியவரும் இவனும் முறை வைத்துக்கொண்டு ஒருவர் நோயாளியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்தம் என்று பார்த்தால் அந்த 19 நாளில் அவர்தான் சொந்தம்.

பகலில் நீங்கள் வரத்தான் செய்தீர்கள். வாரக் கடைசியில் நன்றாகவே வந்தீர்கள். ஆப்பிள், ஆரஞ்சு, ஆர்லிக்ஸ், ரஸ்க். வாயையே திறக்க முடியாத மனுஷன் தலைமாட்டில் நாலு கிலோ ஆப்பிள் இருந்தது. தம்பி அதை வார்டு முழுக்கப் பங்கு வைத்தான். அப்பாவுக்குப் பேச்சு வராது என்றதும் காதும் கேட்காது என்று முடிவு செய்து சத்தம் போட்டுப் பேசியவர்கள் உண்டு. கேட்காது என்ற தைரியத்தில், “இதே மாதிரிதான் நம்ம தென்காசி மாப்பிள்ளைக்கும் எடுத்தாங்க, ஆறு மாசம்கூடத் தாங்கலை” என்று கட்டில் பக்கத்திலேயே நின்று சொன்னவரும் உண்டு. அப்பா சிலேட்டை எடுத்து ‘கேக்குது’ என்று எழுதிக் காட்டினார்.

நம் வீட்டில் ஒருவரை இந்த நோய்க்குக் கொடுத்திருந்தால் அந்தத் துக்கம் வெளியே வரத்தான் செய்யும். எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இந்த நோயில்தான் இறந்தார். அது அந்த அம்மாவை உறுத்திக்கொண்டே இருந்து, முப்பது வருஷம் கழித்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோடு தொடங்கியது. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. செத்தவர் கதையை வார்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்துச் சொல்ல முடியும்.

இன்னொரு கதையும் உண்டு, அத்தை வீட்டில் போன வாரமே அது ஆரம்பித்துவிட்டது. “கத்தி பட்டா பரவிரும். அண்ணாவையே அமெரிக்கா கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணாங்க, என்னாச்சு?” அப்பாவுக்குச் சொன்ன அதே பெரியப்பாதான் அத்தைக்கும் சொன்னார். பெரியப்பா, அண்ணா மேல் உங்களுக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். அவருக்கு வந்தது உணவுக்குழாயில், இன்றைக்கும் டாக்டர்கள் பயப்படுகிற இடம். நியூயார்க்கில் ஆபரேஷன் நடந்தது 1968 செப்டம்பரில். 1969 பிப்ரவரி 3ஆம் தேதி போய்விட்டார். அந்தக் காலத்தில் சி.டி. ஸ்கேன் என்ற மிஷினே கிடையாது, உலகத்தில் முதல் நோயாளியை அதில் படுக்க வைத்ததே 1971இல்தான். எது வரை பரவியிருக்கிறது என்று இப்போது போல முன்கூட்டிப் பார்க்க அன்றைக்கு வழி இல்லை. நம் ஊரிலும் அப்போதெல்லாம் முற்றிப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடி அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் ஆள் போய்விடுவார். பழி கத்தி மேல் விழுந்தது. பரவியிருந்தது கத்திக்கு முன்னாலேயே. அத்தைக்குக் கட்டி இருப்பது மார்பிலும் அக்குளில் ஒரு நெறியிலும்தான் என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கத்தி வைப்பதற்கு இதுதான் சரியான நேரம். தயவுசெய்து அண்ணாவை அத்தை கட்டில் பக்கம் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

புற்றுமண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் பிறந்தவள் நான், கோமதியம்மன் புற்றுமண் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தக் காய்ச்சலும் இறங்கியதில்லை. மாமா அதைப் பொட்டலத்தில் கொண்டுவந்து, ‘புற்று’நோய்க்குப் ‘புற்று’மண் என்று பெயரிலேயே மருந்து இருப்பதாகச் சொன்னபோது எனக்கே ஒரு நிமிஷம் சரிதானோ என்று பட்டது. ஆனால் அதைக் குழைத்து அப்பாவின் தையல் மேல் தடவப் பார்த்தார் பாருங்கள், தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். அது நெற்றிக்கு மட்டும், மாமா. தையல் போட்ட இடத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும், மாற்றி வைத்த சதையே கருகிப்போகும். அத்தைக்கும் நெற்றியில் வைத்துவிடுங்கள். அத்தை சந்தோஷப்படுவார்கள்.

கேப்பைக் கூழ் விஷயம் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரே வரியில் சொல்கிறேன். பாசத்தோடு கொண்டுவந்ததை வடிகட்டாமல் ஊற்றி, டியூப் அடைத்து, அதை உருவி மறுபடி மூக்கு வழியாக விடும்போது அப்பா கண்ணில் தண்ணீர் கொட்டியது.

புகையிலை. “போயிலை போடாதன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டானா?” இதைச் சொல்லாதவர்கள் முப்பத்தோரு பேரில் ரொம்பக் குறைவு. சரிதான், அப்பா முப்பது வருஷம் வெற்றிலையோடு போட்டார். புண் வந்தபோது சூட்டுப் புண் என்று மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்து நாலு மாதத்தை நாங்களே ஓட்டினோம். வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் அப்பா எங்களைவிட அதிகம் யோசித்திருப்பார், நேரம் நிறைய இருந்தது அவருக்கு. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லி முடித்த கையோடு வராண்டாவுக்குப் போய் இடுப்பு மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தீர்களே சித்தப்பா, அதை நான் பார்த்தேன். நீங்கள் அதற்கப்புறம் புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மட்டும் போடுவதாகக் கேள்விப்பட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வெறும் பாக்கையும் கேன்சர் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில்தான் வைத்திருக்கிறது. அடுத்த தடவை மதுரைக்கு வரும்போது வாயை ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். உங்களுக்கு ராத்திரி இருக்க எனக்கு ஆள் இல்லை.

ரத்தம் கொடுத்தவர்களைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். அப்பாவுக்கு நாலு பேர் கொடுக்க வேண்டும் என்றார்கள். சொந்தத்தில் ஆறு பேர் வந்தார்கள். ஒருவருக்குச் சுகர் ஊசி, இருவர் முந்தின ராத்திரி போட்ட சரக்கு வாசம் இன்னும் போகவில்லை, ஒருவர் ‘பலகீனமாயிரும்’ என்று அவர் சம்சாரமே திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். மிச்சம் இரண்டு. மற்ற இரண்டையும் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து டூவீலர் மெக்கானிக் கடைப் பையன்கள். எங்களுக்கு அவர்கள் ஒன்றும் முறை இல்லை. 18 வயதிலிருந்து 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே போகாத, ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லி, ஒரு பெரிய டம்ளர் மோர் அளவு. பெண்களும் கொடுக்கலாம். இதை அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பெண்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

இனி மொய் நோட்டுக்கு வருகிறேன்.

அந்த 19 நாளில் நீங்கள் கவரில் வைத்துக் கொடுத்த பணத்தை அம்மா என் கல்யாண மொய் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறாள். 200, 500, 1001 என்று பெயரோடு இருக்கிறது. மொத்தம் 14,300 ரூபாய். ஆபரேஷன் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. வருஷ வருமானம் 1,20,000க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆனால் பஸ் செலவு, ரூம் வாடகை, ஓட்டல் சாப்பாடு, நின்றுபோன தறிக்கூலி இதெல்லாம் அந்த அட்டையில் வராது. அதற்கெல்லாம் உங்கள் பணம்தான் உதவியது. அதில் ஒரு ரூபாயையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்கு அம்மா திருப்பிச் செய்துகொண்டும் இருக்கிறாள்.

அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தோன்றியது. நமக்கு மொய் எழுதத் தெரியும். யார் வைத்தார்கள், எவ்வளவு, எப்போது திருப்ப வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மறக்காது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டைப் பணத்துக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்? ராத்திரியையும் எழுதலாமே. ‘கீழத்தெரு மதினி, 1 ராத்திரி.’ ‘ராஜபாளையம் மச்சான், 1 பகல், லேபுக்கு ஓடியது.’ அவர்கள் வீட்டில் யாராவது படுத்தால் அந்த ராத்திரியை நாங்கள் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் நீங்களே கேட்கலாம், மொய்க்குக் கேட்கிற மாதிரி.

ஆகவே அத்தைக்கு நான் கேட்பது இதுதான். பார்க்க வராதீர்கள். மாற்றிவிட வாருங்கள்.

இந்தத் தடவை ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்கள் வார்டு. ராத்திரி பெண் துணைதான் விடுவார்கள். அத்தை மகள் கோயம்புத்தூரில் கல்யாணமாகிப் போயிருக்கிறாள், இது எட்டாம் மாதம். மாமாவுக்குச் சுகர், காலில் புண். ஆக மதினிமாரும் சித்திமாரும்தான் வர வேண்டும். அவர்கள் வந்தால் அங்கே அடுப்பை யார் பார்ப்பது, பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? அண்ணன்மார்களே, உங்களுக்கும் மொய் நோட்டில் இடம் உண்டு. பெரிய அண்ணன் இரண்டு நாள் வீட்டில் சோறு பொங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அது அண்ணன் பெயரில் 2 என்று ஏறும். குழம்பு ஓட்டலில் வாங்கினாலும் பரவாயில்லை, கேட்க மாட்டேன்.

மார்பு ஆபரேஷன் அப்பாவுக்கு நடந்தது மாதிரி அவ்வளவு நீளம் இல்லை. எல்லாம் சரியாகப் போனால் நாலைந்து நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்குள் பக்கம் இரண்டு டியூப் தொங்கும், அதில் இறங்கும் நீரைத் தினமும் அளந்து மில்லிக் கணக்கில் எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலும் அதோடுதான் வீட்டுக்கும் வருவார்கள். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுப்பார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு வேண்டும், தலை வழியாகப் போடுவது ஆகாது. இதைத் தைத்துத் தருவதாக டெய்லர் அக்கா சொல்லிவிட்டார்கள், அவர்கள் பெயரையும் எழுதியாகிவிட்டது. நெறிக்கட்டியை எடுப்பதால் இடது கை வீங்கலாம். அந்தக் கையில் ஊசி, பிபி பார்ப்பது, இறுக்கமான வளையல் எதுவும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஆனால் அசையாமலும் வைக்கக் கூடாது, சுவரில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிற பயிற்சி இருக்கிறது. குடம் தூக்கக் கூடாது. நம் தெருவில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகாலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தைக்கும் சேர்த்து நாலு குடம் பிடித்து வைத்தால், மதுரைக்கே வர வேண்டாம்.

“முழுசா எடுத்துட்டாங்களா?” என்று கேட்கப் போகிறீர்கள். கண் அங்கேதான் போகும். கேட்காதீர்கள். அத்தை நாலு மாதம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது மகள் சீமந்தம் முடியட்டும் என்றுதான், வலியும் இல்லையே என்றுதான். அதற்கும் யாரும் திட்ட வேண்டாம், டாக்டர் ஏற்கெனவே திட்டிவிட்டார். தனி டம்ளர், தனித் தட்டு என்று எடுத்து வைக்கவும் வேண்டாம். இது ஒட்டுவாரொட்டி இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிறைய வேலை. அப்பாவுக்கு அதைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ‘முடிஞ்சிருச்சு’ என்று எல்லோரும் நினைத்தீர்கள். அப்புறம்தான் சதைப் பரிசோதனை ரிசல்ட் வந்தது, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் முப்பது கரண்ட். ஒரு தடவை படுத்தால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் பெஞ்சில். நாலாவது வாரம் வாயெல்லாம் வெந்துபோய் எச்சில் விழுங்க முடியாமல் அப்பா இனி வர மாட்டேன் என்று சிலேட்டில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்த ஆறு வாரத்தில் மதுரைக்கு வந்த சொந்தக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? எழுத வேண்டாம், விட்டுவிடுகிறேன். ரயிலில் நோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் என்பதே எங்களுக்கு மூன்றாவது வாரம்தான் தெரிந்தது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லி. டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். அத்தைக்கும் கரண்டோ மருந்து ஏற்றுவதோ இருக்கலாம், ரிசல்ட் வந்த பிறகு தெரியும். படிவம், காப்பீட்டு அட்டை, வி.ஏ.ஓ. சான்றிதழ் இந்த அலைச்சலை இ-சேவை மச்சான் எடுத்துக்கொண்டார். அவருக்கு 3 எழுதியிருக்கிறேன், ஓட்டம் அதிகம்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பவர்களுக்கு: வாய் இரண்டு விரல் அளவு திறக்கிறது. ஐஸ் குச்சிகளைச் சேர்த்துப் பல்லுக்கு இடையில் வைத்துத் தினமும் ஒரு குச்சி கூட்ட முடியுமா என்று பார்க்கிறார். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தால் சாப்பிடுவார். பேச்சு வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும். டீக்கடை பாக்கியைக் கொடுத்தாகிவிட்டது.

நோட்டு அம்மாவிடம் இருக்கிறது, இது புது நோட்டு, மஞ்சள் வைத்து ஆரம்பித்திருக்கிறோம். ஆபரேஷன் அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை. ஞாயிறு ராத்திரியும் திங்கள் ராத்திரியும் நான். புதன் கீழத்தெரு மதினி. செவ்வாய், வியாழன், வெள்ளி காலி. ரத்தத்துக்கு மூன்று பேர் எழுதியாகிவிட்டது, அதில் இரண்டு பெண்கள்.

திங்கட்கிழமை பகலில் தியேட்டர் வாசலுக்கு யார் என்று கேட்டதும் அப்பா நோட்டை வாங்கித் தன் பெயரை எழுதினார். தங்கச்சிக்கு நான்தான் நிற்பேன் என்கிறார். ஆனால் உள்ளேயிருந்து கூப்பிட்டால் இவர் சொல்லும் பதில் அவர்களுக்குப் புரியாது. அதனால் அவர் பெயருக்குக் கீழே அவரே ஒரு கோடு போட்டு, கூட நிற்க இன்னொரு பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மூத்தவள்